டைசோ: ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவரின் பெட்டியைப் பாதியாக்கும் கடை

ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தவர் வீட்டில் பெட்டி கட்டுவதைப் பார்த்தால், ஒரு பாத்திரக்கடையும் ஒரு ஸ்டேஷனரிக் கடையும் சேர்ந்து விமானம் ஏறுவது போலிருக்கும். ஹேங்கர், கொடிக்கயிறு, துணி கிளிப், கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா, பசை, பாத்திரம் தேய்க்கும் நார், குளியல் மக். இவற்றில் ஒன்றுகூடப் பெட்டிக்குள் போக வேண்டியதில்லை. எல்லாமே டைசோ என்ற ஜப்பானிய 100 யென் கடையில் இருக்கின்றன, வரியோடு பெரும்பாலும் ஒன்று 110 யென். இன்றைய மாற்று விகிதத்தில் அறுபது ரூபாய்க்குச் சற்று மேல்.

டைசோவில் நன்றாகக் கிடைப்பதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கே கிடைக்காததையும், கிடைத்தாலும் நமக்கு உதவாததையும் மட்டும் சுமந்தால் போதும். கடையை இங்கே எடைபோடுவது அந்தக் கணக்கில்தான். ஒரு பெண்ணோ பையனோ தனியாக ஓராண்டு ஒப்பந்தத்தில், அரசுப் பள்ளியில் ஏஎல்டி எனப்படும் உதவி மொழி ஆசிரியராகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பான் அரசின் ஜெட் ஆசிரியர் திட்டமானாலும் சரி, தனியார் ஆள் அனுப்பும் நிறுவனமானாலும் சரி, பெட்டிக் கணக்கு ஒன்றுதான்.

கடை எப்படி

ஹிரோஷிமா மாகாணத்தில் 1972இல் ஹிரோதகே யானோ தொடங்கிய நடமாடும் வியாபாரம் இது. லாரியில் சாமான் ஏற்றிப்போய் விற்றபோது தனித்தனியாக விலைச்சீட்டு ஒட்ட முடியாமல் 'எல்லாம் 100 யென்' என்று ஆனது என்பார்கள். 1991இல் தகமாட்சுவில் முதல் நேரடி 100 யென் கடை வந்தது. இப்போது ஜப்பானுக்குள் மட்டும் 4,000-க்கு மேல் கிளைகள். 2019 அக்டோபரிலிருந்து விற்பனை வரி 10 சதவீதம் என்பதால் கையில் கொடுப்பது 110 யென். தின்பண்டத்துக்கு வரி 8 சதவீதம், ஆகவே 108. எல்லாமே அந்த விலை என்று நம்பிக் கூடையை நிரப்ப வேண்டாம். 200, 300, 500 யென் பொருட்களும் அதே தட்டில் கலந்து கிடக்கும். விலை வேறாக இருந்தால் பொருளின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அது இல்லையென்றால் 100 யென் என்று பொருள்.

டோக்கியோவில் இருப்பவர்களுக்கு 2022இல் கின்ஸாவில் திறந்த பெரிய கிளை பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் ஆசிரியருக்கு அதைவிட உதவுவது ஊர்ப்புறத்து நெடுஞ்சாலையோரக் கிளைதான். கார் நிறுத்தும் இடத்தோடு ஒரே தளத்தில் பரந்து கிடக்கும் அந்தக் கடைகளில் எழுதுபொருள் வரிசை நீளம். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சின்னக் கிளைகளில் சாக்ஸும் குடையும் கிடைக்கும், லேமினேஷன் தாள் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பை தனிக்காசு. ஒரு துணிப்பை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைச் சாமான்: இங்கே கடைக்கு முழு மதிப்பெண்

ஜப்பானியப் பள்ளியில் பெரும்பாலும் இன்னும் சாக்பீஸ் போர்டுதான். பச்சை நிறத்தில் சுவரின் நீளத்துக்கு இருக்கும். அது இரும்புத் தகட்டின் மேல் பூச்சு என்பதால் காந்தம் ஒட்டும். இதைத் தெரிந்துகொண்டால் என்ன வாங்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்: உருண்டைக் காந்தங்கள் இரண்டு பொட்டலம், வெட்டி ஒட்டக்கூடிய காந்தப் பட்டை ஒரு சுருள், ஏ4 லேமினேஷன் தாள். இந்த மூன்றும் இருந்தால் படஅட்டை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். லேமினேட்டர் இயந்திரம் பொதுவாக ஆசிரியர் அறையிலேயே இருக்கும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

காந்தப் பட்டையில் நடக்கும் தவறு ஒன்று. அட்டையின் மேல்விளிம்பில் மட்டும் சின்னத் துண்டாக ஒட்டுவார்கள். லேமினேட் செய்த ஏ4 அட்டை கனம். பத்து நிமிடத்தில் வழுக்கிக் கீழே வரும். மேல் இரண்டு மூலைகளிலும் ஐந்து செ.மீ. நீளத்துக்கு ஒட்ட வேண்டும். பட்டையின் பின்பக்கப் பசை பளபளப்பான பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது. ஒட்டுமுன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டியபின் ஒரு புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க வைத்தால் ஆண்டு முழுதும் தாங்கும்.

காகித அளவு இன்னொரு பொறி. ஜப்பானிய மாணவரின் நோட்டு பி5, அதாவது 182 மி.மீ.க்கு 257 மி.மீ. நம் ஊரில் தயாரித்த ஏ4 பயிற்சித்தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் நோட்டில் ஒட்டும்போது விளிம்பு வெளியே துருத்தும். பிள்ளைகள் அதை மடித்து மடித்துக் கசக்கிவிடுவார்கள். நகல் இயந்திரத்தில் 86 சதவீதத்துக்குக் குறைத்தால் ஏ4 பி5 ஆகிவிடும். எழுத்து 14 புள்ளிக்குக் கீழே இருந்தால் குறைத்தபின் சின்னப் பிள்ளைகளால் படிக்க முடியாது. ஆகவே பயிற்சித்தாள்களை அச்சிட்டுக் கட்டுக்கட்டாகத் தூக்கிப்போக வேண்டாம். பென் டிரைவில் போதும், அதுவும் திருத்தக்கூடிய கோப்பாக. பல பள்ளிகளில் வெளியார் பென் டிரைவைப் பள்ளிக் கணினியில் சொருக விடமாட்டார்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

டைசோவில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியவை: பின்னால் காந்தம் உள்ள சமையல் டைமர் (தொடக்கப்பள்ளி வகுப்பு 45 நிமிடம், நடுநிலைப்பள்ளி 50, விளையாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்தாகவே இருக்க வேண்டும்), சாக்பீஸ் பிடிப்பான், சின்ன வெள்ளைப் பலகை, மேசை மணி, ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வரிசை பெரிது. நம் ஊரிலிருந்து 'குட்', 'ஸ்டார்' ஸ்டிக்கர் சுமப்பது வீண். 2020 ஏப்ரலிலிருந்து ஐந்து, ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் உள்ள பாடமாகவும், மூன்று, நான்காம் வகுப்புக்குச் செயல்பாட்டு வகுப்பாகவும் ஆகிவிட்டது. ஆகவே புதிதாகப் போகிறவருக்குத் தொடக்கப்பள்ளி வகுப்பு பெரும்பாலும் வரும், ஸ்டிக்கர் செலவும் கூடவே வரும். பள்ளி அந்தக் காசைத் திருப்பித் தருமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்டு வைத்துக்கொண்டு, தரும் என்றால் கல்லாவில் 'ரியோஷூஷோ' என்று கேட்டு முறையான ரசீது வாங்குங்கள். சாதாரணப் பில்லை அலுவலகம் சில நேரம் ஏற்காது.

பண்டிகைச் சாமானில் மட்டும் சோம்பல் ஆகாது. ஹாலோவீன் அலங்காரம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்துவிடும். அக்டோபர் நடுவில் போனால் கிழிந்த பூசணி முகமூடிதான் மிஞ்சும். தீர்ந்தால் அந்த ஆண்டுக்குத் திரும்ப வராது.

சரி, வகுப்புக்காகப் பெட்டியில் என்ன போட வேண்டும்? டைசோவில் கிடைக்காதது நம் ஊர்தான். முதல் இரண்டு வாரம் எல்லா வகுப்பிலும் சுய அறிமுகப் பாடம் எடுக்கச் சொல்வார்கள். ஒரே பாடத்தைப் பதினைந்து, இருபது முறை எடுக்க நேரலாம். அதற்கு வேண்டியவை: 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்கள் கைப்பிடி அளவு, சில சிறு நோட்டுகள், தமிழில் அச்சான ஒரு நாளிதழ், பயன்படுத்திய பேருந்துச் சீட்டுகள், ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், பல்லாங்குழி மடித்து வைக்கும் வகை ஒன்று. பிள்ளைகள் படத்தைவிடக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியதையே விரும்புவார்கள். பல்லாங்குழிக்கு சோழி எடுத்துப் போங்கள். புளியங்கொட்டை விதை என்பதால் விமான நிலையத் தாவரச் சோதனையில் கேள்வி வரும். ஒரு சேலையோ வேட்டியோ கட்டாயம். பள்ளிப் பண்பாட்டு விழாவில் ஒரு நாள் கட்டச் சொல்வார்கள். பட்டு வேண்டாம், கசங்கினாலும் நிற்கும் பாலியெஸ்டர் கலப்பு போதும். உள்பாவாடையையும் ஊக்குகளையும் மறந்துவிடாதீர்கள். ஊக்கு டைசோவில் உண்டு, உள்பாவாடை இல்லை.

வீட்டுச் சாமான்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹேங்கர், துணி கிளிப், வாளி, குப்பைக்கூடை, தட்டு, கிண்ணம், கரண்டி, கதவுக் கொக்கி எல்லாம் நன்றாகவே இருக்கும். காய்கறி வெட்டும் கத்தி மூன்று மாதத்தில் மழுங்கும். தலையணை, மெத்தைக்கு நிடோரி போன்ற வேறு கடைக்குப் போங்கள். எவர்சில்வர் டம்ளரும் டவராவும் வேண்டுமென்றால் இங்கிருந்துதான்.

காலுக்கும் உடம்புக்கும்: இங்கே கடை கைவிடும்

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேறொரு காலணி போட வேண்டும். மாணவருக்கு 'உவபாகி' என்ற வெள்ளைக் காலணி. ஆசிரியர் பெரும்பாலும் சுத்தமான ஸ்லிப்-ஆன் ஷூவோ கேன்வாஸ் ஷூவோ போடுவார். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தனியாக இன்னொரு ஜோடி. ஆக வெளியே ஒன்று, வகுப்புக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என மூன்று ஜோடி வேண்டும். டைசோவில் ஸ்லிப்பர் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நாலு வகுப்பு ஏறி இறங்கினால் நழுவும், குதிகால் வெளியே தொங்கும். மாணவர்களோடு ஓடிப்பிடிக்கும் விளையாட்டு என்றால் ஆபத்து.

ஜப்பானில் காலணி அளவு செ.மீ.யில். சாதாரணக் கடையில் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 25 வரைதான் தாராளமாக இருக்கும். வெறுங்காலைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனிவரை அளந்து பாருங்கள். அந்த எல்லைக்கு மேல் என்றால் மூன்று ஜோடியையும் இங்கேயே வாங்குங்கள். வகுப்பு ஜோடிக்கு அடிப்பாகம் தரையில் கறுப்புக் கோடு போடாத வகையாகவும், குனியாமல் மாட்டும் வகையாகவும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு முறை மாற்ற வேண்டியிருக்கும். லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும்.

சாக்ஸ் டைசோவில் மலிவு, ஆனால் பெண்களுக்கு 23–25, ஆண்களுக்கு 25–27 செ.மீ. என்ற இரண்டே அளவு. கால் பெரிதென்றால் பத்து ஜோடி எடுத்துப் போங்கள். ஓட்டை விழுந்த சாக்ஸ் இங்கே காலணிக்குள் மறைந்துவிடும். அங்கே ஆசிரியர் அறை முழுக்கப் பார்க்கும்.

உடையில் ஒரு கறுப்பு அல்லது அடர்நீல சூட் கட்டாயம். ஏப்ரல் சேர்க்கை விழா, மார்ச் பட்டமளிப்பு விழா இரண்டுக்கும் அதுதான். தையற்காரரிடம் அளவு கொடுத்து இங்கே தைப்பது மலிவு, கைநீளமும் சரியாக அமையும். கோடையில் டையும் கோட்டும் இல்லாமல் வரலாம் என்ற 'கூல் பிஸ்' வழக்கம் 2005இலிருந்து இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் சென்னைக்குக் குறைந்ததல்ல. பருத்தி பனியன், பருத்திச் சட்டை நிறைய வேண்டும். குளிருக்கு மட்டும் இங்கே எதுவும் வாங்காதீர்கள். நம் ஊர் ஸ்வெட்டர் பெட்டியில் பாதி இடத்தைத் தின்னும், அங்கே நவம்பரில் பயன்படாது. யூனிக்ளோவின் ஹீட்டெக் உள்ளாடை இரண்டு, பழைய துணிக்கடையில் ஒரு கோட்டு என்றால் காரியம் முடிந்தது. மார்ச் கடைசியில் போய் இறங்குகிறவர் மட்டும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

பற்பசை எடுத்துப் போங்கள், அங்கே ஃபுளோரைடு குறைவு என்று பழைய பட்டியல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். 2017இலிருந்து ஜப்பானில் 1,500 பிபிஎம் வரை அனுமதி. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. அந்த வரியை அடித்துவிடலாம். வியர்வை நாற்றத்துக்கான டியோடரன்ட் பற்றிய அறிவுரை மட்டும் இன்னும் செல்லும். அங்கே விற்பது மென்மையானது, நம் உடம்புக்குப் போதாது. ரோல்-ஆன் வகையில் ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் மிக்ஸியும்

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட், நமக்கு 230. கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே ஒசாகா பக்கம் 60. பிளக் இரண்டு தட்டைக் கம்பி. லேப்டாப், கைபேசி சார்ஜரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும், பிளக் மட்டும் மாற வேண்டும். இங்கே டைசோ ஏமாற்றும். அங்கே தொங்கும் பயண அடாப்டர்கள் பெரும்பாலும் ஜப்பானியர் வெளிநாடு போவதற்கானவை. அவற்றில் நம் உருண்டைக் கம்பி நுழையாது. அடாப்டர் இரண்டை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். நம் லேப்டாப் வயர் மூன்று கம்பி என்றால், சார்ஜரின் செங்கல் போன்ற பெட்டியில் சொருகும் முனையைப் பார்த்து (மூன்று வட்டம் சேர்ந்த முகம் போல் இருக்கும்) அந்த வயரை மட்டும் அங்கே இரண்டு தட்டைக் கம்பி உள்ளதாக வாங்கிவிடலாம். அடாப்டர் ஆடி ஆடிப் பொறி பறப்பதைவிட அது நல்லது.

மிக்ஸி பற்றித்தான் எல்லோருக்கும் ஆசை. 230 வோல்ட்டுக்கான 750 வாட் மிக்ஸியை 100 வோல்ட்டில் போட்டால், அழுத்தம் பாதிக்கும் கீழே போவதால் சக்தி கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குகூட வராது. காலி ஜாரில் சுற்றுவது போலத் தோன்றும். தேங்காயைப் போட்டதும் பிளேடு நிற்கும், மோட்டார் முனகும், அதன் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். அழுத்தத்தைக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் போடலாமே என்றால், 750 வாட் தாங்கும் ஒன்று மிக்ஸியைவிடக் கனம், விலையும் அப்படித்தான். இஸ்திரிப்பெட்டிக்கும் இதே கதி: 1,000 வாட் பெட்டி அங்கே 190 வாட் தரும், சட்டை வெதுவெதுப்பாகும், மடிப்பு போகாது.

வழி இரண்டு. அமெரிக்கச் சந்தைக்கென்று வரும் 110 வோல்ட் இந்திய மிக்ஸி சென்னையிலும் கிடைக்கிறது. 100 வோல்ட்டில் சக்தி ஆறில் ஒரு பங்கு குறையும், சட்னிக்கும் மசாலாவுக்கும் போதும், உளுந்துக்கு நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும். அல்லது அங்கேயே ஒரு பிளெண்டர் வாங்கிவிட்டு, தேங்காய்ச் சட்னி கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்வது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டாவது வழிதான் புத்திசாலித்தனம்.

பிரஷர் குக்கர் எடுத்துப் போகலாம், மூன்று லிட்டர் போதும். ஆனால் வீட்டில் எரிவாயு அடுப்பா, இண்டக்ஷன் எனப்படும் மின்காந்த அடுப்பா என்று நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். சின்ன அடுக்கக வீடுகளில் ஒற்றை மின்காந்த அடுப்பு சகஜம். அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடிப்பகுதியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டினால் ஓடும். குக்கரோடு ரப்பர் வளையம் இரண்டு, பாதுகாப்பு வால்வு இரண்டு, விசில் ஒன்று. இந்தச் சின்னச் சாமானுக்கு டைசோவிலும் பதில் இல்லை, பக்கத்து மின்சாதனக் கடையிலும் இல்லை. வளையம் தளர்ந்தால் குக்கர் வெறும் பாத்திரம்தான்.

எரிவாயு அடுப்பென்றால் இன்னொன்று: நகரக் குழாய் எரிவாயுவுக்கும் சிலிண்டர் எரிவாயுவுக்கும் அடுப்பு வேறு வேறு. முன்பிருந்தவர் விட்டுப்போன அடுப்பையோ பழைய கடையில் வாங்கியதையோ பொருத்துமுன் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். மாற்றிப் பொருத்தினால் கரி பிடிக்கும், நச்சுப்புகை வரும்.

சாப்பாட்டுச் சாமான்: எது தடுக்கப்படும்

பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள். பழம், காய், இலை, விதை எதற்கும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்து மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி இதில் தங்கும் என்பதால் கண்டிப்பு அதிகம். அரிசிக்கும் சான்றிதழ் வேண்டும், முழுப் பயறுக்கும் அப்படியே. பொன்னி அரிசி ஐந்து கிலோ கட்டிக்கொண்டு போய் விமான நிலையத்திலேயே இழப்பது வழக்கமாக நடப்பது. இறைச்சி எந்த வடிவிலும் கூடாது, ஊறுகாயாக இருந்தாலும் சரி.

கடையில் விற்கும் பாக்கெட்டாக, பிரிக்காமல் சீல் போட்ட உலர்ந்த மசாலாவுக்குத் தடை இல்லை. ஆகவே கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, பெருங்காயம், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி எல்லாம் கடைப் பாக்கெட்டில் போகட்டும். அம்மா அரைத்த பொடியைப் பெயரில்லாத பாலிதீன் பையில் கட்டினால் அதிகாரிக்கு விளக்க வேண்டியிருக்கும். பெயரும் சேர்மானமும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். கசகசா வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர், துபாய் வழியாக மாறிப் போகிறவர்களுக்கு அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். தானே தீப்பற்றக்கூடியது என்று விமானச் சரக்கு விதியில் பட்டியலிட்ட பொருள். எண்ணெய், நெய், ஊறுகாய் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் மட்டும்.

டைசோவிலும் சின்னச் சின்ன மசாலாப் பொட்டலம் உண்டு, நம் சமையலுக்கு ஒரு வேளைக்குத்தான் வரும். பருப்பு, பாஸ்மதி, மிளகாய்த்தூள் எல்லாம் இந்திய, ஹலால் கடைகளில் கிடைக்கும். டோக்கியோவில் இந்தியர் நிறைய வாழும் நிஷி-கசாய், ஹலால் கடைகள் வரிசையாக இருக்கும் ஷின்-ஒகுபோ பக்கம் போகலாம். கிராமத்தில் என்றால் இணையத்தில் வரவழைக்கலாம். ஆகவே மூன்று மாதத்துக்குமேல் மசாலா சுமக்க வேண்டாம்.

மருந்து

டைசோவை இங்கே நினைக்கவே கூடாது. மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கும், கடையில் சும்மா வாங்கும் மருந்து, விட்டமின் வகை இரண்டு மாதத்துக்கும் தடையின்றிக் கொண்டுபோகலாம். அதற்குமேல் என்றால் முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். முன்பு 'யக்கன் ஷோமெய்' என்று பெயர், இப்போது 'யுன்யு ககுனின்ஷோ'. கட்டணம் இல்லை, நாள் பிடிக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். ஆம்ஃபெட்டமைன் சேர்ந்த, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்துகள் மருத்துவர் சீட்டு இருந்தாலும் சட்டவிரோதம், கைது வரை போகும். மூக்கடைப்பு மாத்திரையில் சூடோஎஃபெட்ரின், இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறதா என்று சேர்மானத்தைப் படியுங்கள். அளவைப் பொறுத்து இவையும் சிக்கும், சந்தேகமானதை வீட்டிலேயே வையுங்கள்.

பாராசிட்டமால் நம்முடையது 500, 650 மி.கி. அங்கே கடையில் கிடைக்கும் டைலெனால் ஒரு மாத்திரை 300. இரண்டு அட்டை எடுத்துப் போனால் முதல் காய்ச்சலுக்கு மொழி தெரியாமல் அலைய வேண்டாம். எல்லாம் மூல அட்டையிலேயே, பெயர் தெரியும்படி.

காகிதமும் முத்திரையும்

டைசோவில் 'ஹான்கோ' என்ற பெயர் முத்திரை அடுக்கடுக்காகத் தொங்கும். சாடோ, சுசுகி, தனகா என்று எல்லாம் ஜப்பானியக் குடும்பப் பெயர்கள். முருகேசனுக்கும் கயல்விழிக்கும் அங்கே இடமில்லை. முத்திரைக் கடையில், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில் செய்யச் சொல்ல வேண்டும், சில ஆயிரம் யென். நிறைய வங்கிகள் இப்போது கையெழுத்தையும் ஏற்கின்றன. வருகைப் பதிவேட்டில் முத்திரை கேட்கும் பள்ளிகள் இன்னும் உண்டு. கதகனாவில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து, வங்கி, கைபேசி, பள்ளி எங்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் 'ழ'வுக்கு ஒரு எழுத்து, இன்னோரிடத்தில் வேறொன்று என்றால் சம்பளம் திரும்பிப் போகும்.

பள்ளியில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு, கற்பிக்கும் மொழியிலேயே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்ததற்கான பள்ளிச் சான்று, பட்டச் சான்றிதழ் மூலப்பிரதிகள் கைப்பையில் வரட்டும், புதுப்பிக்கும்போது மறுபடி கேட்பார்கள். ஊர்ப்புறப் பணி என்றால் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்டிஓவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், அதிகபட்சம் ஓராண்டுக்கு. பிறகு ஜப்பானிய உரிமத்துக்கு மாறும்போது, நம் உரிமம் வாங்கியபின் மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்ததைக் காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். வங்கி ஓடிபி வரும் இந்தியச் சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே திறந்துவிடுங்கள். போனபின் திறக்க ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி வராது.

முதல் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதக் கடைசியில்தான். வாடகை, முன்பணம், சாவிப்பணம் (வீட்டுக்காரருக்குக் கொடுப்பது, திரும்பி வராது) என்று போனவுடன் நிறையக் கேட்பார்கள். பெட்டியில் குறைத்த ஒவ்வொரு கிலோவைவிடவும் கையில் கூடுதலாக ஒரு மாத யென் பயன்படும்.

பெட்டி

நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 செ.மீ. வரை உள்ள பெட்டிதான் விமானத்தின் வழக்கமான எல்லை. ஜப்பானிலும் அதே அளவு வசதி. டோகாய்டோ, சன்யோ, கியூஷு ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் 160 செ.மீ.க்கு மேல் என்றால் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும். விமான நிலையத்திலேயே கூரியர் கவுண்டரில் கொடுத்து வீட்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பலாம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்துசேரும். ஒரே ராட்சதப் பெட்டியைவிட நடுத்தரம் இரண்டு நல்லது, சிறு ரயில் நிலையங்களில் படிதான் இருக்கும். பின்னால் தபாலில் பெட்டி வருகிறதென்றால், இறங்கும்போதே சுங்கப் படிவத்தில் 'பின்னால் வரும் சாமான்' என்று எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். விட்டுவிட்டால் பழைய சட்டைக்கும் வரி கேட்பார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஜப்பானிய விமானங்களில் தலைக்கு மேல் தட்டில் வைக்காமல் கண்பார்வையில் வைக்கச் சொல்கிறார்கள்.

டைசோவுக்கு இரண்டு முறை போவதாகத் திட்டமிடுங்கள். முதல் முறை, இறங்கிய மறுநாள், வீட்டுக்கு: ஹேங்கர், கிளிப், தட்டு, குப்பைப்பை. குப்பைப்பையை மட்டும் அவசரப்பட்டு நிறைய வாங்காதீர்கள், பல ஊராட்சிகள் தங்கள் பெயர் அச்சிட்ட பையில் போட்டால்தான் எடுப்பார்கள், அது பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். இரண்டாவது முறை பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தபின்: காந்தம், லேமினேஷன் தாள், டைமர். போர்டில் காந்தம் ஒட்டுகிறதா, ஆசிரியர் அறையில் லேமினேட்டர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கியவை பாதி அலமாரியிலேயே தங்கிவிடும்.